உப்புக் கரண்டியின் மஞ்சள்

சித்தப்பா பழங்காலத்து இங்கிலாந்து வெள்ளிக் கரண்டிகளைச் சேர்ப்பவர். காம்பின் பின்னால் கடுகளவில் குத்தியிருக்கும் சிங்கத்தையும் எழுத்தையும் பூதக்கண்ணாடியில் பார்த்தே, கரண்டியின் வயதைச் சொல்லிவிடுவார்.

“ஊர்ல எல்லாரும் கரண்டியால சாப்பிடுவாங்க. இவரு கரண்டியைப் பார்த்தே பசியாறிடுவாரு” என்பாள் சித்தி.

அன்று சித்தப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒற்றையாய்க் கிடந்த அவருடைய உப்புக் கரண்டிக்கு ஜோடி கிடைத்துவிட்டது! பல் டாக்டரம்மா அதைக் கொண்டுவருகிறார். பதிலுக்குச் சித்தப்பா தன் பெரிய சூப் அகப்பையைக் கொடுக்கவேண்டும்.

சித்தப்பாவின் அண்ணன் மகளுக்கு வீட்டில் சுண்டெலி என்று பெயர். தானும் உதவ நினைத்தாள். உப்புக் கரண்டியின் குழியெல்லாம் ஒரே மஞ்சள்.

‘அடேயப்பா, எவ்வளவு கறை!’

பல்பொடி போட்டு, வெள்ளை வெளேரென்று ஆகும்வரை தேய்த்தாள். துடைத்து, பெட்டியில் குப்புற வைத்தாள்.

டாக்டரம்மா வந்து தன் கரண்டியை எடுத்து நீட்டினார். அதன் குழியும் மஞ்சள்.

“உங்களுதுலயும் கறையா, டாக்டர்?” என்றாள் சுண்டெலி.

“கறையா! தங்கம்டா அது. உப்பு வெள்ளியை அரிச்சிடும். அதனால அந்தக் காலத்துலயே தங்கம் பூசிட்டாங்க. ரெண்டும் ஒண்ணாப் பூசினது.”

சித்தப்பா அகப்பையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். தன் கரண்டியை அவர் இன்னும் திருப்பிப் பார்க்கவில்லை.

“குடுக்காதீங்க சித்தப்பா!” சுண்டெலி அகப்பையைப் பிடித்துக்கொண்டாள். “நம்ம கரண்டியில இப்போ தங்கம் இல்ல, ஜோடி சேராது. கறைன்னு நெனச்சு நான் தேய்ச்சுட்டேன்.”

சித்தப்பா கரண்டியைத் திருப்பினார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“புதுசாப் பூசலாம்” என்றார் டாக்டரம்மா மெல்ல. “ஆனா சொத்தைப் பல்லை அடைக்கிற மாதிரிதான். பழசு திரும்பாது.”

தன் கரண்டியோடு அவர் போய்விட்டார். அகப்பை தப்பித்தது. ஜோடிதான் சேரவில்லை.

சித்தப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது சுண்டெலிக்கு.

ஒவ்வொரு கரண்டிக்கும் அவரிடம் ஒரு சீட்டு உண்டு. நெளிவோ கீறலோ, ஒன்றையும் மறைக்காமல் அதில் எழுதிவிடுவார். இன்று அவர் பேனாவைத் தொடவேயில்லை.

சுண்டெலியே எடுத்தாள். ‘இதில் தங்கப் பூச்சு இருந்தது. நான்தான் தேய்த்து அழித்தேன். சுண்டெலி’ என்று எழுதி நீட்டினாள்.

சித்தப்பா அதைப் படித்தார். பிறகு பேனாவை வாங்கி, அதன் கீழே எழுதினார்:

‘அது தங்கம் என்று அவளிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. சித்தப்பா.’