பன்னிரண்டாம் தேதி வரை நிறுத்தாதீர்

செப்டம்பர் 16, செவ்வாய், காலை 9.10. எர்லாங்கன் நகர ஆய்வுக்கூடத்தின் பெரிய கணினி படுத்துவிட்டது. உயிர் இருந்தது, ஓட்டம்தான் இல்லை. ஒரு ஸ்கேன் படத்தை நாற்பது நொடியில் துலக்கித் தருவது, இன்று ஏறக்குறைய மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டது. மூன்று மணிக்கு மருத்துவமனைக்காரர்கள் பார்க்க வருகிறார்கள்.

துப்புத் துலக்க உமாபதியை விட்டால் அங்கே ஆளில்லை. எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். உமாபதியும் ஒருநாளும் மறுத்ததில்லை.

9.25. முதல்நாள் அதற்கு மின்கம்பி மாற்றியவன் இளங்கீரன், யாழ்ப்பாணத்தான், இரண்டு பிள்ளைகளின் தகப்பன். வேலை நிரந்தரமாகுமா என்று பார்க்கும் ஆறு மாதம் அவனுக்கு இன்றோடு முடிகிறது. காபி அறையில் எட்டுப் பேர் முன்னிலையில் உமாபதியின் விசாரணை நடந்தது.

"நேத்து நீங்க மட்டும்தான் மெஷினைத் தொட்டீங்க, இல்லையா?"

"ஓம் அண்ணை. நிப்பாட்டி, வயர் மாத்தி, திரும்பப் போட்டனான்."

"வேற எதுவும் பண்ணலையா?"

"இல்லை. எல்லாம் புரோட்டோகோல்ல எழுதியிருக்கிறன். ஒருக்காப் பாருங்கோ."

அவன் நீட்டிய வேலைப் பதிவுத் தாளில் மஞ்சள் காகிதத் துண்டு ஒன்று பின் குத்தியிருந்தது. உமாபதி அதை வாங்கி மேசையில் கவிழ்த்து, மேலே காபிக் கோப்பையை வைத்தான்.

"பேப்பரைப் பாத்து என்ன ஆகப்போகுது? நேத்து வரைக்கும் ஓடுச்சு. நீங்க தொட்டீங்க, படுத்துருச்சு. சிம்பிள்."

இளங்கீரன் கோப்பைக்கு அடியில் இருந்த தாளைப் பார்த்தான். 9.40-க்கு, தவறு இளங்கீரனுடையது என்று ஆய்வுக்கூடத் தலைவி கெஸ்ட்னருக்கு மின்னஞ்சலும் போயிற்று.

11.30. ஆளைப் பிடித்தாயிற்று, இனி ஆதாரம் பிடிக்க வேண்டியதுதான் பாக்கி. கம்பி தளர்ந்து சூடேறியிருக்கும் என்று எண்ணிக்கொண்டு உமாபதி இயந்திர அறைக்குப் போனான். தொட்டுப் பார்த்தால் கணினி குளிர்ந்து கிடந்தது. விசிறிச் சத்தமும் மெலிந்திருந்தது. சூட்டில் தளரும் கணினியின் வேகம் ஏறி இறங்கும். இங்கே எல்லாச் செயலிகளும் 800 மெகாஹெர்ட்ஸில், அவற்றின் மிகக் குறைந்த வேகத்தில், அசையாமல் நின்றன. பழுதான இயந்திரம் இவ்வளவு ஒழுங்காக நிற்காது. யாரோ இப்படி நிற்கச் சொல்லியிருக்கிறார்கள்.

செயலியின் வேகத்தை ஏற்றி இறக்குவது கர்னலில், அதாவது இயக்க மென்பொருளின் உட்கருவில், உள்ள டிரைவர் என்ற சிறு நிரல். இப்போது ஓடுவது எது என்று பார்த்தான். வழக்கமானது இல்லை, பழையது. கணினி எழும்போது படிக்கும் கட்டளை வரியைத் திறந்தான். வழக்கமான டிரைவரை ஒதுக்கு, பழையதைப் போடு, குறைந்த வேகத்திலேயே பிடித்து வை. பக்கத்தில் எழுதியவரின் குறிப்பு: உமாபதி, ஆகஸ்ட் 21.

மின்செலவை அளப்பதற்காக அவனே எழுதிய வரி. கணினியை நிறுத்தி எழுப்பினால்தான் அது வேலை செய்யும். அப்போது சக ஊழியை பார்கவியின் மூன்று வாரக் கணக்கு ஓடிக்கொண்டிருந்ததால் நிறுத்த முடியவில்லை. பிறகு மறந்தே போனான். நேற்று இளங்கீரன் எழுப்பியபோதுதான் கணினி அந்த வரியை முதன்முதலாகப் படித்திருக்கிறது.

காபி அறைக்குத் திரும்பி, கவிழ்த்த தாளை எடுத்துப் புரட்டினான். அன்று கணினிமேல் அவன் ஒட்டிவைத்த மஞ்சள் துண்டுதான், அவனுடைய கையெழுத்தில்: 'பன்னிரண்டாம் தேதி வரை நிறுத்தாதீர். உமாபதி.' கீழே இளங்கீரன் எழுதியிருந்தான்: 'தேதி முடிந்ததால் 15-ஆம் தேதி நிறுத்தினேன். எழும்போது திரையில் புதிய கட்டளை தெரிந்தது. உமாபதியிடம் கேட்கவும்.'

கேட்கச் சொன்னவனைத்தான் எட்டுப் பேர் முன்னால் அவன் நிறுத்தி வைத்திருந்தான்.

2.15. வரியை நீக்கிக் கணினியை எழுப்பியாயிற்று. பழையபடி நாற்பது நொடி. கெஸ்ட்னரின் மேசையில் இளங்கீரனின் பணிநீக்கக் கடிதம் கையெழுத்துக்குக் காத்திருந்தது. காலையில் இருந்த எட்டுப் பேரையும் உமாபதியே அங்கே அழைத்து வந்திருந்தான். இளங்கீரன் கதவருகே நின்றான்.

"காரணம் தெரிந்ததா?" என்றார் கெஸ்ட்னர்.

"தெரிந்தது. தவறு செய்தவன் நான்." வரி, தேதி, மஞ்சள் துண்டு எல்லாவற்றையும் சொன்னான். "யார் கடைசியாகத் தொட்டது என்று மட்டும் கேட்டேன். அதற்கு முன்னால் யார் என்ன எழுதி வைத்தார்கள் என்று கேட்கவில்லை. பதில் என் கோப்பைக்கு அடியிலேயே இருந்தது."

கெஸ்ட்னர் கடிதத்தை இரண்டாகக் கிழித்தார். அவர் திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது உமாபதிக்கு.

நடைபாதையில் உமாபதி கேட்டான். "மன்னிச்சிடுங்க. என் பேரைக் காலையிலேயே அவங்க முன்னாடி சொல்லியிருக்கலாமே?"

"எல்லாருக்கும் முன்னால உங்களை எப்பிடிச் சொல்லுறது அண்ணை? அதுதான் பாருங்கோ எண்டனான்." கையை நீட்டினான். "அந்தத் தாளைத் தாங்கோ. ஃபைல்ல வைக்கோணும்."

தாளின் நடுவே காபிக் கறை வட்டமாகக் காய்ந்திருந்தது. உமாபதி அதைப் பெருவிரலால் ஒருமுறை தேய்த்துப் பார்த்துவிட்டு, அப்படியே கொடுத்தான்.