குளிர் அறைப் பொத்தான்

உள்ளே ஆள் இல்லை. ஆனாலும் யாரோ பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார்கள்.

வார்டோ துறைமுகத்து மீன் ஆலையில் இங்வில்லுக்கு மதியத்திலிருந்து இதே பிழைப்பு. குளிர் அறைக்குள் யாராவது மாட்டிக்கொண்டால் அழுத்துவதற்கென்று ஒரு பொத்தான்; எப்போதும் சிவப்பாக எரிந்துகொண்டிருக்கும். அழுத்தினால் வெளியே மணி அலறும், தீயணைப்பு வண்டி வரும். இந்த வாரம் வண்டி பலமுறை வந்து, வெறும் காட் மீன் பெட்டிகளைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருந்தது. இனி ஒருமுறை வீணாக அலறினால் வயரையே பிடுங்கிவிடுவேன் என்று மேலாளர் சொல்லிவிட்டார். பிடுங்கிவிட்டால் உள்ளே மாட்டுகிறவர் கதி அதோகதிதான். அந்த மணியைச் செய்து கொடுத்தவள் இவள்.

மெக்கானிக் ஸ்னோர்ரே கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு மறுபடி உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"ஒரு ஈ காக்கா இல்ல. பொத்தான் மேல பனி படிஞ்சிருக்கு, விரல் பட்ட தடமே இல்ல. உள்பக்கக் கைப்பிடிதான் உறைஞ்சு கெடக்கு. திங்கக்கிழமை பாக்கறேன்."

"வயர்ல மின் இரைச்சல் ஏறுது. கம்ப்ரசர் மோட்டாராத்தான் இருக்கும்."

"எதுவோ ஒண்ணு. சீக்கிரம் முடி தாயே. வெள்ளிக்கிழமை, வீட்ல ராத்திரி சாப்பாட்டுக்கு டாக்கோவ வெச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க."

மணியை இயக்கும் சின்னச் சிப்பான மைக்ரோகன்ட்ரோலரின் டைமருக்குள் ஒரு வடிகட்டி உண்டு. வரும் சிக்னலை அது அடுத்தடுத்துப் பார்க்கும். அத்தனை தடவையும் மாறாமல் நின்றால்தான் நம்பும், நடுவில் ஒருமுறை விட்டுப்போனாலும் இரைச்சல் என்று தள்ளிவிடும். இங்வில் நான்கு தடவை என்று வைத்தாள். சிக்னலைக் கோடாகக் காட்டும் கணினித் திரை அடங்கியது. காபியை ஊற்றி வாயருகே கொண்டுபோவதற்குள் கோடு மறுபடி எழும்பியது, முன்பைவிடக் கொஞ்சம் நீளமாக. எட்டு ஆக்கினாள். கோடும் நீண்டது. டைமரின் வேகத்தைக் குறைத்தாள். அதற்கும் ஈடுகொடுத்து நீண்டது. இரண்டு சின்னக் கோடு, ஓர் இடைவெளி, பிறகு நடுங்கி நடுங்கி இழுக்கும் ஒன்று. வடிகட்டி எவ்வளவு என்று இரைச்சலுக்கு எப்படித் தெரியும்?

வயரிலேயே சிக்னலை அளந்து காட்டும் அலைக்காட்டி அவள் வண்டியில் கிடந்தது. எடுத்து வந்து அந்தக் கோடு எங்கிருந்து வருகிறது என்று பார்த்திருக்கலாம். எரிச்சல் தலைக்கேறியிருந்தது, எண்ணை மட்டும் ஏற்றிக்கொண்டே போனாள்.

"சனியனே, வாய மூடு," என்றாள் திரையிடம்.

கடைசியில் ஐந்து நொடி விடாமல் அழுத்தினால்தான் மணி என்று ஆனது. திரை செத்துக் கிடந்தது. ஸ்னோர்ரே பின்பக்கம் கை கழுவிக்கொண்டிருந்தார். ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டால் வேலை முடிந்தது. போனைக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் மறைவில் இருந்த கணினிப் பக்கத்தில் வைத்துவிட்டு, கதவுக்கு முட்டுக் கொடுக்க மறந்து, மெல்லிய ஜாக்கெட்டோடு உள்ளே போனாள். அழுத்தினாள். ஒன்று, இரண்டு, மூன்று. தலைக்கு மேல் கம்ப்ரசர் உறுமிக் கிளம்பியது. மணி அடிக்கவில்லை. நிஜமான இரைச்சல் நடுவில் புகுந்து அவள் அழுத்தலை வெட்டிவிட்டது.

திரும்பினாள். கனமான கதவு தானாகவே மூடிக்கொண்டுவிட்டது. கைப்பிடியை இழுத்தாள். அசையவில்லை. தொங்கினாள். அசையவே இல்லை.

மறுபடி பொத்தான். கம்ப்ரசர் நிற்கவே இல்லை. மூக்குக்குள் மீன் வாடை உறைந்து குத்தியது. கட்டைவிரல் மரத்து, தானாக நடுங்கியது. அழுத்தம் விட்டுவிட்டுப் போனது.

சின்னதாக ஒன்று. சின்னதாக இன்னொன்று. மூச்சு வாங்கினாள். பிறகு நடுங்கி நடுங்கி இழுத்தது.

இந்தக் கோடு அவளுக்குத் தெரியும். மதியம் முழுக்கத் திரையில் பார்த்தது.

கதவுக்கு அப்பால் காலடிச் சத்தம்.

"ஸ்னோர்ரே!"

கம்ப்ரசர் அதை விழுங்கியது. வெளியே அவர் குரல் மட்டும் மங்கலாகக் கேட்டது.

"அப்பாடா, அடங்கிருச்சு. சொல்லாமக் கொள்ளாமக் கெளம்பிட்டா பாரு."

விளக்கு அணைந்தது. காலடி தேய்ந்தது.

இருட்டில் பொத்தான் மட்டும் சிவப்பாக எரிந்தது. விரலை எடுத்தாள். குனிந்து பார்த்தாள்.

மேலே படிந்த பனி அப்படியே இருந்தது. விரல் பட்ட தடமே இல்லை.