எழும்பாத கூம்பு

பங்குத்தந்தை கல்லினன் நனைந்த மேலங்கியைக் கழற்றாமலே ரெடிங்டனின் வீட்டுக்குள் வந்தார். கில்டார்ரா தேவாலயத்தின் மணிக்கோபுரம் பாதி உயரத்தில் நின்றிருந்த 1878ஆம் வருடம் அது.

“கோபுரத்து உச்சியில வைக்கற கூம்போட வரைபடம் களவு போயிருச்சு. கட்டட வேலை அலுவலகத்து ஜன்னலை உடைச்சிருக்காங்க. கொத்தனார் ஹென்னபெரியோட சுத்தியல் அங்க கிடந்ததுன்னு அவனைப் பிடிச்சு உள்ள போட்டுட்டாங்க. அவன் அப்படிப்பட்ட ஆள் இல்லைங்க.”

ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரியான ரெடிங்டன் நிதானமாகக் கேட்டார்: “கட்டடத்துக்குப் படம் போட்ட லைசாட் மறுபடி வரைஞ்சு தரலாமே, ஃபாதர்?”

“கேட்டேன். ‘கட்டியிருந்தா எவ்வளவு அழகா இருந்திருக்கும்’னு கண் கலங்கினார். அவ்வளவுதான்.”

ரெடிங்டனும் அவருடைய நண்பர், மருந்துக்கடை ஃபின்டனும் பங்குத்தந்தையோடு போய் அலுவலகத்தைப் பார்த்தார்கள். ஜன்னல் கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவே ஒன்று மட்டும் நீளமான பட்டையாக இருந்தது. அதன் ஒரு முனையில் சுண்ணாம்புச் சாந்து ஒட்டியிருந்தது.

“இது ஜன்னல்ல இருந்ததில்ல!” என்று ஃபின்டன் துள்ளினார்.

“இல்லதான். ஏதோ சுவர்ல சாந்து வச்சு ஒட்டியிருந்தது. கோபுரத்து நிலவறைச் சாவி யார்கிட்ட?”

“லைசாட்கிட்ட மட்டும்” என்றார் பங்குத்தந்தை.

ரெடிங்டன் நிலவறைப் பூட்டை உடைக்கச் சொன்னார். உள்ளே சுவரில் கை நுழையும் அளவுக்கு விரிசல். அதன் இருபுறமும் உடைந்த கண்ணாடித் துண்டுகள் சாந்தில் ஒட்டியிருந்தன.

அன்று மாலை லைசாட்டை அலுவலகத்துக்கு அழைத்தார்கள். பட்டையை மேசைமேல் வைத்தார் ரெடிங்டன்.

“விரிசல் மேல கண்ணாடி ஒட்டினா, சுவர் நகரும்போது அது உடையும். உடைஞ்சதை நீங்க இங்க கொண்டுவந்திருக்கீங்க. திருட்டு மாதிரி காட்ட ஜன்னலை உடைச்ச அவசரத்துல அது கீழ விழுந்திருக்கு. ஊரே ‘எப்போ கட்டுவோம்’னு கேக்குது. நீங்க மட்டும் ‘கட்டியிருந்தா’ன்னு சொன்னீங்க.”

லைசாட் தலை நிமிரவில்லை. “கூம்பை ஏத்தினா கோபுரம் பக்கத்துல இருக்கற பள்ளிக்கூடத்து மேல சாயும். படத்தை எரிச்சுட்டேன். அந்தச் சுத்தியல் தற்செயலா அங்க கிடந்தது. அவனைப் பிடிச்சப்போ வாய் திறந்திருக்கணும். என் பேரு போயிருமேன்னு...”

“ஊருக்கு நான் சொல்லிக்கறேன்” என்றார் பங்குத்தந்தை. “ஹென்னபெரிகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க.”

சிறையில் லைசாட் எல்லாவற்றையும் சொன்னார். ஹென்னபெரி ஒன்றே ஒன்று கேட்டார்.

“நான் வச்ச கல்லுல ஏதாச்சும் கோளாறா?”

“இல்ல. அடியில இருக்கற மண்ணு. நான் சரியாப் பார்க்கல.”

காவலர் கதவைத் திறந்துவிட்டதும் ஹென்னபெரி தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். லைசாட் நீட்டிய கையைத் தொடாமல் வெளியே நடந்தார்.