இரண்டு தட்டு

முதல் அடி விழுந்ததும் தகடு ‘ணங்’ என்றது. ஜாஃபரின் கை அப்படியே நின்றது. ‘தொப்’ என்றுதான் கேட்டிருக்க வேண்டும்.

நாக்கிங், அதாவது நசுங்கிய தகட்டைத் தட்டி நிமிர்த்தும் வேலை, தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வேனின் முகம் நசுங்கினால் ஒருவர் உள்ளே படுத்துத் தகட்டின் பின்னால் இரும்புக் கட்டையை அணைத்துப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் வெளியே நின்று சுத்தியலால் அடிக்க வேண்டும். கட்டை இருந்தால் சத்தம் மணி மாதிரி எழும்பும். இல்லாவிட்டால் நனைந்த சாக்கை அடித்தது போல அங்கேயே அமுங்கிவிடும். ஜாஃபரின் பட்டறையில் பதினாறு வருஷமாகக் கட்டை பிடிப்பவர் இராமசாமி அண்ணன். கட்டையைச் சரியான இடத்தில் வைத்ததும் தகட்டில் விரலால் இரண்டு தட்டுத் தட்டுவார். ‘வச்சாச்சு, அடி’ என்று அர்த்தம். தட்டு வந்த பிறகு யோசித்துக்கொண்டு நிற்கக் கூடாது, நின்றால் உள்ளே இருப்பவர் கை வலித்துப்போகும். தட்டு வந்தால் அடி. அவ்வளவுதான் தொழில்.

ஆனால் அண்ணன் தன் தங்கச்சி மகள் கல்யாணத்துக்குத் தஞ்சாவூர் போய் எட்டு நாளாகிறது. ஜாஃபர் தனியாகத்தான் அடித்துப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை, பட்டப்பகல். வெளியே மழை கொட்டியது. ஆங் மோ கியோ தொழிற்பேட்டையின் அந்த வரிசையில் மற்றப் பட்டறைகளெல்லாம் கதவை இறக்கியிருந்தன. தின்னரும் பள்ளம் அடைக்கும் புட்டியும் கலந்த நெடி வெளியே போக வழியில்லாமல் தலைக்கு மேல் தொங்கியது. உள்ளே இருந்தது இரண்டே பேர். ஜாஃபர், அப்புறம் கண்ணாடி அறை சோபாவில் படுத்துக் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்த அவன் மகள் ருக்ஸானா. அம்மா சம்சுன்னிசாவுக்குத் தேக்காவில் ஒரு துணிக்கடையில் ஞாயிறும் வேலை என்பதால் பிள்ளையை இங்கே அழைத்து வந்திருந்தான். ஒன்பது வயது. கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து, ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து பெற்ற ஒற்றைப் பிள்ளை.

வேனுக்குள் எட்டிப் பார்த்தான். டாஷ்போர்டைக் கழற்றிய இடத்தில் ஒயர்கள் தொங்கின. இரும்புக் கட்டை தரையில் கிடந்தது.

சும்மா மழைச் சத்தமாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டான். பயம் வரவில்லை. ஐந்து வாரமாக அவனுக்கு எதுவுமே வருவதில்லை.

வலது கை மரத்துப்போனது அதற்கும் முன்னால். தேய்ப்பு மெஷின் பிடித்துப் பிடித்து நரம்பு போய்விட்டதாகப் பாலிகிளினிக்கில் சொன்னார்கள். கையில் பலம் இருக்கிறது, உணர்ச்சிதான் இல்லை. ஒரு நாள் ஸ்பேனரைப் பிடித்தபடியே எம்ஆர்டி ரயில் ஏறி ஃபேரர் பார்க் வீடு வரை போய்விட்டான். எதிர் சீட்டுக்காரர் நடுங்கிப்போய் எழுந்து இடம் மாறியபோதும் இவனுக்கு விளங்கவில்லை, சம்சுன்னிசா கதவைத் திறந்து கேட்ட பிறகுதான் தெரிந்தது. “மரத்த கைதான் கோடு போட நல்லது, நடுங்காது” என்று அவனே கேலி பேசுவான். லாரிகளிலும் பழைய மோட்டார் பைக்குகளிலும் நீள மயிர்த் தூரிகையால் அவன் இழுக்கும் கோட்டை, சும்மா சொல்லக்கூடாது, ஸ்கேல் வைத்தாலும் குறை காண முடியாது. தடவிப் பார்ப்பதற்கு இடது உள்ளங்கை இருந்தது. கண் ஏமாந்தாலும் அந்தக் கை ஏமாறாது.

அந்தக் கைதான் ஐந்து வாரத்துக்கு முன்னால் இந்த வேனைத் தடவியது. சம்சுன்னிசாவின் தம்பி ஸைஃப் விடிவதற்குள் கொண்டு வந்து நிறுத்தியிருந்தான்.

“கார்பார்க் தூண்ல இடிச்சுட்டேன் லா, மச்சான்.”

தூணில் இடித்தால் தகடு மடியும், பெயிண்ட் உரியும். இங்கே ஒரு கீறல் இல்லை. இடுப்பு உயரத்துக்குச் சற்று மேலே, உள்ளங்கை கொள்ளும் அளவில், வழுவழுவென்று ஒரு உருண்டைப் பள்ளம்.

“தூணா?”

“தூண்தான் மச்சான்.”

ஜாஃபர் மறுபடி கேட்கவில்லை. தட்டி, புட்டி வைத்து, ஸ்ப்ரே அடித்து, மிச்சமிருந்த நெளிவு தெரியாமலிருக்க மேலே இரண்டு அரக்குச் சிவப்புக் கோடு இழுத்துக் கொடுத்தான். மூன்றாம் நாள் சுவா சூ காங்கில் ஒரு லாரியைக் கொடுக்கப் போனபோது பஸ் நிறுத்தத்தின் பக்கத்தில் போலீஸ் பலகை நின்றது. வெள்ளை வேன். அதே தேதி. ஒன்பது வயதுச் சிறுமி மரணம். பார்த்தவர்கள் அழைக்கவும்.

எண்ணைப் போனில் ஏற்றிக்கொண்டான். சம்சுன்னிசா கண்ணில் படாமலிருக்க ‘பெயிண்ட் கடை’ என்று பெயர் வைத்தான். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள் அவள். ஒவ்வொரு நாளும் அழைக்க நினைத்தான், ஒவ்வொரு நாளும் நாளைக்கு என்றான். அப்புறம் சோறு ருசிக்கவில்லை, தொழுகையில் மனம் நிற்கவில்லை, கையில் இருந்த மரப்பு மேலே ஏறி உடம்பு முழுக்கப் பரவிவிட்டது.

இன்று காலை ஸைஃப் திரும்பி வந்திருந்தான்.

“கோடு வளைஞ்சுக்கிட்டே வருது மச்சான். எவனாச்சும் கவனிச்சுட்டா?”

“கவனிச்சா என்ன? தூண்தானே?”

ஸைஃப் வேன் சாவியை உள்ளங்கையில் உருட்டினான். “சாவிய வச்சிட்டுப் போ” என்றான் ஜாஃபர்.

கோடு உண்மையிலேயே வளைந்திருந்தது. அதே இடத்தில், அதே அளவில் பள்ளம் திரும்பி வந்திருந்தது.

இப்போது சுத்தியலைத் தூக்கிக்கொண்டு நின்றான். மழை சட்டென்று விட்டது. கண்ணாடி அறையில் கார்ட்டூன் முயல் சிரித்தது.

தகட்டின் பின்னாலிருந்து இரண்டு தட்டு.

அண்ணன் தட்டுவது கனத்த கட்டைவிரலால். இது சின்ன விரல். பொறுமையான விரல்.

போட்டுவிட்டு ஓடியிருக்க வேண்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் கை பழகிய கை, பாவி அடித்தான். ணங். கொஞ்சம் தள்ளி இரண்டு தட்டு. ணங். இன்னும் கீழே இரண்டு தட்டு. ணங். எங்கே அடிக்க வேண்டும் என்று அந்த விரலுக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வோர் அடிக்கும் பள்ளம் மேலே வந்தது.

பிறகு தட்டு நின்றுவிட்டது.

இடது உள்ளங்கையால் தடவினான். சமம். கண்ணை மூடித் தடவினான். கண்ணாடி மாதிரிச் சமம். கோடு நேராகியிருந்தது. புட்டி தேவையில்லை, ஸ்ப்ரே தேவையில்லை. அங்கே எதுவும் இடித்ததே இல்லை என்று சத்தியம் செய்யலாம்.

ஐந்து வாரத்தில் முதல் தடவையாக மூச்சு முழுதாக வந்தது. முடிந்தது. இனி யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டாம். போனை எடுத்து, இடது கட்டைவிரலாலேயே ‘பெயிண்ட் கடை’யைத் தேடி, அழித்தான்.

“அத்தா.”

ருக்ஸானாவின் குரல்.

“அத்தா, தலை வலிக்குது.”

கண்ணாடி அறைக்குப் போனான். பிள்ளை சோபாவில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“காய்ச்சலாம்மா? எங்க, பாப்போம்.”

இடது உள்ளங்கையை நெற்றியில் வைத்தான்.

சூடு இல்லை.

கண்ணுக்கு நெற்றி நெற்றியாகத்தான் இருந்தது. ஒரு கீறல் இல்லை. ஆனால் கைக்குக் கீழே பள்ளம். வழுவழுவென்று, உருண்டையாக. உள்ளங்கை கொள்ளும் அளவு.

கையை எடுக்கப் பார்த்தான். வரவில்லை.

“அங்கதான் அத்தா வலிக்குது.”

யா அல்லாஹ். சொல்லிவிடுகிறேன். இப்பவே சொல்லிவிடுகிறேன். எண் என்ன? ஆறா, ஒன்பதா? அழித்துவிட்டான்.

உள்ளேயிருந்து, எலும்புக்குப் பின்னாலிருந்து, இடது உள்ளங்கையில்.

இரண்டு தட்டு.

வச்சாச்சு.

சுத்தியல் எங்கே? திரும்பி வேனைப் பார்த்தான். பலகை மேல் இல்லை. தரையில் இல்லை.

ருக்ஸானா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் வலது தோளுக்கு மேலே அண்ணாந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அத்தா,” என்றாள், “கையை ஏன் மேல தூக்கி வச்சிருக்கீங்க?”