கால்வாய்ப் பக்கத்துப் படிகள்

பந்து உருளவில்லை, இறங்கியது.

எல்சி அதை இன்னொரு முறை தள்ளிவிட்டாள். சமமான தரையில் விரித்த கம்பளத்தின் மேல் அந்தச் சிவப்புப் பந்து சமையலறைப் பக்கம் போயிற்று. போகும்போதே தொக், தொக், தொக் என்று படிப்படியாய் விழும் சத்தம். கண் பார்த்தது ஒன்று, காது கேட்டது வேறு. வில்ஃப் காதுக் கருவியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். இந்த வயதில் வீட்டில் எது விசித்திரமாக நடந்தாலும் முதல் சந்தேகம் தன் மேல்தான் விழும் என்பது அவருக்குப் பழகிவிட்டது.

"இன்னொரு தடவை, தாத்தா!"

"போதும்டா கண்ணு. பந்துக்குக் கால் வலிக்கும்."

மூன்று வயதுப் பேத்தியை அவரிடம் தனியாக விட்டுப்போக மகள் ஜானிஸுக்கு இன்றுதான் தைரியம் வந்திருந்தது. "அஞ்சு மணிக்குள்ள வந்துடுவேன்பா. அவ மேல ஒரு கண் இருக்கட்டும், அது போதும். மேட்ச் கதை சொல்லிக் குழந்தையைக் கொன்னுடாதீங்க."

"தோத்த கதை மட்டும் சொல்றேன்."

"அப்ப அஞ்சு மணிக்குள்ள முடியாதே," என்று சிரித்துக்கொண்டே போனாள்.

நியாயம்தான். ஆல்டர்ஷா டவுன் கால்பந்து அணி சனிக்கிழமைதோறும் தவறாமல் செய்த ஒரே வேலை தோற்பது. மைதானத்தை இடித்து வீடுகள் கட்டியபோது, வில்ஃப் தன் சேமிப்பையெல்லாம் கொட்டி, ரசிகர்கள் நின்று ஆட்டம் பார்த்த கால்வாய்ப் பக்கத்துப் படிகள் இருந்த இடத்திலேயே ஒரு வீடு வாங்கினார். அறுபது வருஷம் மழையில் நின்று தோற்ற இடத்தில் இனி கூரைக்குக் கீழே உட்காரலாம் என்று எல்லோரிடமும் சொன்னார். அவருடைய அப்பா நின்ற இடமும் அதுதான் என்பதைச் சொல்லவில்லை.

அந்தப் படிகளில் ஒரு வழக்கம் இருந்தது. கூட்டம் நெரிந்தால், சின்னப் பிள்ளையைத் தூக்கி முன்னால் நிற்பவரிடம் கொடுத்துவிடுவார்கள். முகம் தெரியாத கைகள் தலைகளுக்கு மேலாகவே அதைக் கீழே கடத்தி, முன்வரிசைக் கம்பியோரம் இறக்கிவிடும். கடைசி விசில் ஊதியதும் அப்பாக்கள் இறங்கிப் போய் அவரவர் பிள்ளையை எடுத்துக்கொள்வார்கள். வில்ஃப் அப்படிப் போனவர். ஜானிஸும் போனவள். ஒரு பிள்ளைகூடத் தொலைந்ததில்லை என்பது ஊருக்கே பெருமை. அணியைப் பற்றிச் சொல்லிக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

அங்கே ஆடிய கடைசி ஆட்டத்துக்குத்தான் விசில் ஊதவில்லை. இரண்டாம் பாதியில் கால்வாயிலிருந்து ஏறிய மூடுபனி கோல்கம்பங்களை விழுங்கிவிட, நடுவர் வீரர்களைக் கையசைத்துக் கூட்டிக்கொண்டு உள்ளே போனார். மீதியை வேறு ஊரில் ஆடித் தோற்றார்கள். அடுத்த வாரமே இடிக்க வந்துவிட்டார்கள்.

இன்றும் பனி. நாலு மணிக்கே இருட்டி, ஜன்னல் கண்ணாடியில் பாலைப் பூசியதுபோல் ஒட்டிக்கொண்டு நின்றது. வதக்கிய வெங்காயமும் சுருட்டுப் புகையும் நனைந்த கம்பளிக் கோட்டும் கலந்த வாசனை, அவருக்குத் தன் சட்டைப்பையைப்போல் தெரிந்த வாசனை, அடைத்த கதவுகளைத் தாண்டி வந்து அறையை மெல்ல நிரப்பியது. அதற்குப் பின்னால், வெகு தூரத்தில் கடல் இரைவதுபோல், ஆயிரக்கணக்கான தொண்டைகளின் முணுமுணுப்பு.

வில்ஃப் எல்சியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். வெளியே போய்விடலாம். பக்கத்து வீட்டுக்காவது.

வாசலுக்குப் போகும் நடையில் கால் வைத்தார். ஒரு தோள் இடித்தது.

யாருமில்லை.

இன்னொரு தோள். முதுகில் ஒரு முழங்கை. பிடரியில் சூடான மூச்சு. மொத்த நடையும் ஒருமுறை முன்னால் சாய்ந்து, பின்னால் சாய்ந்தது. கோலுக்குப் பக்கத்தில் பந்து வந்தால் கூட்டம் அப்படித்தான் சாயும். அவர் விலா நெரிந்தது. இடையில் குழந்தை.

"தாத்தா, வலிக்குது!"

"இதோம்மா, இதோ..."

"டேய் வில்ஃப்." காதோரம், கரகரப்பாக. நாற்பது வருஷத்துக்கு முன் புதைத்த குரல். "பிள்ளை நசுங்குதுடா. கீழ அனுப்பு."

"சரிப்பா," என்றார் வில்ஃப்.

யோசிக்கவில்லை. அந்தப் படிகளில் யாரும் யோசித்ததில்லை. குழந்தையைத் தலைக்கு மேல் உயர்த்தினார்.

கனம் போயிற்று.

"பிடிச்சாச்சு!"

"அடேயப்பா, நல்லா சோறு போடுறாங்கய்யா!"

"இந்தப் பக்கம் கொடு, இந்தப் பக்கம்!"

எல்சி சிரித்தாள். சிரிப்பு இருட்டில் மிதந்து இறங்கியது. சமையலறை இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டியது. இன்னும் கீழே.

"குடுங்க! குழந்தையைக் குடுங்க!"

"எதுக்குடா அவசரம்?" என்றது அப்பாவின் குரல். "விசில் ஊதட்டும்."

விசில்.

வில்ஃப் முட்டினார். தோள்கள் விலகவில்லை.

பின்னால் சாவி திரும்பியது. "அப்பா? விளக்குகூடப் போடாம என்ன பண்றீங்க? எல்சி எங்க?"

பனி ஒரு கணம் விலகியது. சுவர் இல்லை. வெகு கீழே ஈரமான இரும்புக் கம்பி. அதைப் பிடித்தபடி வரிசையாகச் சின்ன முதுகுகள், தொப்பிகள், அரைக்கால் சட்டைகள். எல்லோரும் வெற்று மைதானத்தைப் பார்த்தபடி. ஓரத்தில் எல்சியின் மஞ்சள் ஸ்வெட்டர்.

குளிரில் அவள் மூச்சு மட்டும் வெண்மையாகப் புகைந்தது. மற்ற யாருக்கும் புகையவில்லை.

பிறகு, அவளுக்கும் புகையவில்லை.