கேட் மெஷினில் மணி பன்னிரண்டு இருபது

பேய் வர இருட்டு வேண்டும், நாய் ஊளையிட வேண்டும் என்பார்கள். என் விஷயத்தில் அதெல்லாம் ஒன்றுமில்லை. 1999 ஆகஸ்ட், ஒரு புதன்கிழமை, காலை பதினோரு மணி, நல்ல வெயில். பீளமேட்டில் காற்று தெருமண்ணை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. சசிதர் இறந்து ஒரு மாதம் கழித்து, அன்றுதான் அவன் வீட்டுக்குப் போனேன்.

அவன் அம்மா வெங்கடலட்சுமி கதவைத் திறந்தார்.

"வா கண்ணு. அந்த மில்லுக்காரங்க ரெண்டு தடவை போன் பண்ணிப்போட்டாங்க. எம்பையன் எடுத்த வேலை பாதியில நிக்கக் கூடாது. நீயே முடிச்சுக் குடுத்துரு."

தலையாட்டினேன். அவர் முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு இல்லை. அன்று லாரியில் அடிபட்டிருக்க வேண்டியவன் நான்.

என் பெயர் முகமது ரியாஸ், ஊர் கோட்டைமேடு. குண்டுகள் வெடித்து ஊரே ஒருவரை ஒருவர் சந்தேகத்தோடு பார்த்த போன வருடத்தில், பெயரைக் கேட்டதும் எனக்கு வேலை இல்லை என்றார்கள். சசிதர்தான் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டான். தாராபுரத்தில் ஒரு நூற்பாலை. இரண்டாயிரம் பிறக்கும்போது அங்குள்ள கம்ப்யூட்டர்கள் தேதி குழம்பி நின்றுவிடுமா என்று சோதித்துச் சொல்வது எங்கள் வேலை. ஓடுகிற மில்லில் கைவைக்க முடியாது. அதனால் சசிதர் தன் லேப்டாப்புக்குள்ளேயே அந்த மில்லைக் கட்டினான்.

அப்போது புதிதாக வந்திருந்த ஒரு சாஃப்ட்வேர், ஒரே லேப்டாப்பைப் பல கம்ப்யூட்டர்களாக நடிக்க வைக்கும். வர்ச்சுவல் மெஷின் என்று பெயர். திரையில் மூன்று ஜன்னல்கள், ஒவ்வொன்றும் தனித்தனி கம்ப்யூட்டர். ஆபீஸ், குடோன், கேட் என்று பெயர் வைத்தான். மூன்றும் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். வெளியுலகத்தோடு ஒரு வயர்கூடக் கிடையாது.

அந்த மெஷின்களை அவன் முறைப்படி அணைக்கவே மாட்டான். அப்படியே உறைய வைத்துவிட்டுப் போவான். மறுபடி எழுப்பினால் விட்ட நொடியிலிருந்து ஓடும், நடுவில் எத்தனை நாள் போயிற்று என்று அதற்குத் தெரியாது. சோம்பேறி என்று நான் திட்டுவேன்.

ஜூலை முதல் வெள்ளிக்கிழமை. மில்லுக்குப் போவது என் முறை. கிளம்பும்போது சசிதர் தடுத்தான். "ஜும்ஆவ உட்டுப்போட்டு எதுக்குடா போறே? நீ பள்ளிவாசலுக்குப் போ. தாராபுரம் நான் போயிக்கறேன்." நானும் சரி என்று போய்விட்டேன். பல்லடம் தாண்டி ஒரு லாரி. என் முறைக்குத்தான் அவன் போனான் என்பதை அவன் அம்மாவிடம் நான் அதுவரை சொல்லியிருக்கவில்லை.

மாடியில் அவன் அறை பூட்டிக் கிடந்தது. திறந்ததும் புழுக்கமும், அவன் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் வாசனையும் வந்தன. லேப்டாப்பை மின்சாரத்தில் செருகினேன். ஆபீஸை எழுப்பினேன், குடோனை எழுப்பினேன், கடைசியாகக் கேட்டை எழுப்பினேன்.

கேட் மெஷினில் வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு இருபது.

என் கடிகாரத்தில் பதினொன்று நாற்பது. தேதியை மாற்றப் போனேன். அப்போது ஆபீஸ் ஜன்னலில் சின்னப் பெட்டி ஒன்று எழுந்தது. ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்குச் செய்தி அனுப்பும் பெட்டி. ஆங்கில எழுத்தில் தமிழ்.

'ரியாஸ், நேரமாச்சு. பள்ளிவாசலுக்குக் கிளம்பு. தாராபுரம் நான் போயிக்கறேன்.'

அனுப்பியது: கேட்.

அன்றைக்கு அடித்த செய்தி சிக்கிக்கொண்டு இப்போது வருகிறது என்று நினைத்தேன். கை சும்மா இருக்கவில்லை. 'யாரு?' என்று அடித்தேன்.

'என்னடா யாருங்கறே? நான் கிளம்பறேன்.'

கேட் மெஷினை எழுப்பியதோடு சரி, நான் அதில் எதுவும் அடிக்கவில்லை.

படிக்கட்டில் யாரோ தடதடவென்று இறங்கினார்கள். கீழே பைக்கை உதைக்கும் சத்தம். சசியின் பைக் பல்லடம் போலீஸ் ஸ்டேஷனில் நசுங்கிக் கிடக்கிறது.

"ரியாஸு, அதுக்குள்ள கிளம்பிட்டயா கண்ணு?" என்று வெங்கடலட்சுமி அம்மா கீழிருந்து குரல் கொடுத்தார். "வண்டிச் சத்தம் கேட்டுதே!"

அவர் மட்டும் கேட்டிராவிட்டால் எனக்குப் பைத்தியம் என்று முடிவு கட்டி எழுந்து போயிருப்பேன். மாறாக எனக்கு ஓர் ஆசை வந்தது. வரக் கூடாத ஆசை. உறைந்திருந்த அந்த நிலையின் நகல் டிஸ்க்கில் இருந்தது. கேட்டை மறுபடியும் பன்னிரண்டு இருபதிலிருந்து எழுப்பலாம்.

எழுப்பினேன். அதே செய்தி வந்தது. 'போகாதே, லாரி வரும்' என்று அடித்தேன்.

'உளறாதேடா' என்றான். படிக்கட்டில் சத்தம், பைக் சத்தம்.

மூன்றாம் முறை, 'செத்துப் போயிருவே சசி, கும்பிடறேன்' என்று கெஞ்சினேன். சிரித்தான். 'ஒருநாள் உனக்காகப் போனா என்னடா? துவா செய்யும்போது என்னையும் சேத்துக்கோ.' மறுபடியும் பைக் கிளம்பியது. நான் மேசையில் தலையை வைத்து அழுதேன்.

நான்காம் முறை உண்மை எதையும் சொல்லவில்லை. சின்னப் பொய் ஒன்று சொன்னேன். 'தாராபுரத்துல எங்க அக்காவ பாக்கணும். தொழுகைய அங்கயே முடிச்சுக்கறேன். நானே போறேன்.'

பதில் வந்தது.

'அப்படியா, சரி. சாவி இந்தா. பாத்துப் போ.'

என் கைக்குப் பக்கத்தில், மேசைமேல் சாவி விழும் ஓசை கேட்டது. அங்கே ஒன்றும் இல்லை. அதன்பின் படிக்கட்டிலும் சத்தம் இல்லை, வாசலிலும் சத்தம் இல்லை. எனக்கு வந்த நிம்மதியை என்னவென்று சொல்வேன்! எங்கோ ஓர் இடத்திலாவது அவன் கிளம்பாமல் இருக்கிறான். கேட் மெஷினை அப்படியே ஓடவிட்டேன். சசியின் அம்மா சாப்பிடக் கூப்பிட்டார், பசிக்கவில்லை என்றேன். மற்ற இரண்டு மெஷின்களில் மில் வேலையை விசில் அடித்துக்கொண்டு பார்த்தேன்.

கேட் மெஷினில் இரண்டரை.

'சேந்துட்டயா ரியாஸ்?'

சிரித்துக்கொண்டே, 'இங்கதான்டா இருக்கேன்' என்று அடித்தேன். செய்தி போகவில்லை. அப்படி ஒருவர் இந்த நெட்வொர்க்கில் இல்லை என்று திரையில் வந்தது. மறுபடியும் அடித்தேன். இல்லை என்றது.

மூன்று பத்து. 'மில்லுக்குப் போன் பண்ணினேன். நீ வரலைங்கறாங்க. எங்கடா இருக்கே?'

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவன் இருக்கும் இடத்தில், அந்த லாரிக்கு முன்னால் போனவன் நான்.

'சசி, நான் உசிரோட இருக்கேன்!' இல்லை. இல்லை. இல்லை.

மூன்று நாற்பது. 'பல்லடத்துல இருந்து போன் வந்துச்சு.'

அறைக்குள் யாரோ அழுதார்கள். வாயைப் பொத்திக்கொண்டு, என் முதுகுக்குப் பின்னால். திரும்பினேன். காலிக் கட்டில். எண்ணெய் வாசனை மட்டும் மூக்கை அடைத்தது.

'நான் போயிருக்கணும்டா. உன்ன அனுப்பினது நாந்தான்.'

ஒரு மாதமாக ஒவ்வொரு தொழுகையிலும் நான் சொல்லி அழுததையேதான் அவனும் சொன்னான். அவனைக் காப்பாற்றவில்லை நான். என் பாரத்தைத் தூக்கி, செத்தவன் தலையில் வைத்துவிட்டேன். பாவி நான். உறைய வைக்கப் பார்த்தேன், மெஷின் கேட்கவில்லை. வயரைப் பிடுங்கினேன், பேட்டரியைக் கழற்றினேன். திரை அணைவதற்குள் கடைசியாக ஒரு வரி வந்தது.

'உங்கம்மாகிட்ட நானே போய்ச் சொல்றேன்.'

கீழே பைக் கிளம்பியது.

உக்கடம் பஸ் கிடைத்து, கோட்டைமேட்டுச் சந்துக்குள் ஓடி வீட்டை அடைய ஒரு மணி நேரம் ஆயிற்று. கதவு திறந்து கிடந்தது. என் அம்மா நஃபீசா வாசல்படியில் தலைவிரிகோலமாக உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து வந்து முகத்தை, தோளை, கையைத் தடவிப் பார்த்தார்.

"நீதானா? நெசமா நீதானா கண்ணு?"

"நாந்தாம்மா. என்னாச்சு?"

"சசி வந்தான்டா." அம்மாவின் குரல் கிசுகிசுப்பாக இருந்தது. "இதே படியில நின்னான். உள்ள வாப்பான்னேன், வரல. 'என்ன மன்னிச்சுருங்கம்மா, ரியாஸ் போயிட்டான்'னு சொல்லிப்போட்டு அப்படி அழுகறான். செத்தவன் வந்து உன்னயும் போயிட்டான்னு சொன்னா, நான் என்னத்தடா நெனைக்கறது?"

மறுநாள் வெங்கடலட்சுமி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.  அவர் லேப்டாப்பைக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். அந்த டிஸ்க்கை நான் அழித்துவிட்டேன். அழித்தால் நான் உயிரோடிருக்கும் செய்தி அவனுக்குப் போய்ச் சேரும் என்று எப்படி நினைத்தேனோ தெரியவில்லை.

வெள்ளிக்கிழமைகளில் சாயங்காலம் நாலே காலுக்கு எங்கள் சந்தில் பைக் வந்து நிற்கும் சத்தம் கேட்கிறது. கதவு தட்டப்படுகிறது. முதலில் நான்தான் ஓடித் திறப்பேன். "டேய் சசி, பாருடா, நான் இருக்கேன்டா" என்று வெறும் வாசலில் நின்று கத்துவேன். அவனுக்கு நான் தெரிவதில்லை, என் குரலும் கேட்பதில்லை.

இப்போதெல்லாம் அம்மாதான் போகிறார். கதவைத் திறந்து, முந்தானையால் காற்றில் யாருடைய கண்ணையோ துடைத்துவிடுகிறார்.

"எம்பையன் நல்லாத்தான் இருக்கான் கண்ணு. நீ அழுகாதே, ஊட்டுக்குப் போ."

அந்த முந்தானை ஒவ்வொரு வாரமும் நனைந்துதான் உள்ளே வருகிறது.