மூன்றாவது பொத்தான்

மூன்று நிமிடம் கழிந்து பதினைந்து விநாடி ஆகியும் விளக்கு அணையவில்லை.

வீராசாமி கைக்கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தான். ஓடிக்கொண்டுதான் இருந்தது. நெசவாளர் சங்கத்தின் பட்டுக் கிடங்கு அது. வெயில் பட்டால் சாயம் வெளுக்கும் என்று ஜன்னலே வைக்காமல் கட்டியிருந்தார்கள். ஒன்றின் பின் ஒன்றாக மூன்று அறைகள். அந்துருண்டை நெடியும் புதுச் சாயத்தின் புளித்த வாடையும் மூக்கின் உச்சியில் ஏறி உட்கார்ந்திருந்தன. வெளியே வைகாசி வெயில் கொளுத்தும் பதினோரு மணி. உள்ளே விளக்கு இல்லாவிட்டால் நடுநிசி.

குமாஸ்தா பரமசிவம் அவனை உள்ளே விட்டுவிட்டுப் போய்ப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

"உள்ள வச்சுப் பூட்டிக்கினு போறேன், கோச்சிக்காதபா. யார் வந்தாலும் வெளியில பூட்டணும், போறப்போ மடியைத் தடவிப் பாக்கணும். செக்ரட்டரி சட்டம்."

"நல்லா தடவுங்கண்ணே. பீடிக்கட்டுதான் இருக்குது."

"ஐயையோ, பட்டுக்குள்ள பீடியா! குடு இங்க." பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "கருட சேவை திரும்பி வர்ற நேரம். ஒரு கும்பிடு போட்டுட்டு அரைமணியில வந்துடறேன். நீ உன் ஒத்தைச் சட்டம் வேலை செய்யுதான்னு பாரு."

ஒற்றைச் சட்டம். மூன்று அறைக்கும் ஒரே விளக்குக் கணக்கு; எலக்ட்ரீஷியன் வீராசாமி ஒரு வாரம் உழைத்துச் செய்த வேலை அதுதான். உயர அடுக்கிய பட்டுக் கட்டுகளுக்கு ஒரு சாண் மேலே இருநூறு வாட் பல்புகள் தொங்கின. தொடர்ந்து எரிந்தால் பட்டு கருகும். அதனால் தானாக அணையும் டைம் சுவிட்ச் வைத்திருந்தார்கள். முன்பு அறைக்கு ஒரு கணக்கு: இரண்டு நிமிடம், நாலு நிமிடம், ஐந்து நிமிடம். எரியும்போது மறுபடி அழுத்தினால் நேரம் கூடாது. அணைந்த பிறகுதான் அழுத்த வேண்டும்.

கிடங்கில் வேலை செய்த காசிநாதன் இதை மறந்துவிட்டான். கடைசி அறையில், விளக்கு எரியும்போதே இன்னொரு முறை அழுத்திவிட்டு, ஐந்து நிமிடம் இருக்கிறது என்று நம்பி ஏணியில் ஏறினான். உச்சியில் நிற்கும்போது இருட்டியது. பூட்டைத் திறந்தவர்கள் கழுத்து முறிந்த உடலைத்தான் பார்த்தார்கள்.

ஏணியை அப்புறப்படுத்தினார்கள். வீராசாமியைக் கூப்பிட்டார்கள். அவன் எல்லாவற்றையும் ஒன்றாக்கினான். அறைக்கு ஒரு பொத்தான். எதை அழுத்தினாலும் மூன்று அறைகளும் மூன்று நிமிடம் எரியும். மறுபடி அழுத்தினால், விரலை எடுத்ததிலிருந்து மறுபடி மூன்று நிமிடம். அவ்வளவுதான். கடிகாரப் பெட்டியும் மெயினும் வெளியே, பூட்டிய கதவுக்கு அப்பால்.

ஐந்து நிமிடம் ஆயிற்று. வெளியே பெட்டிக்குள் கடிகாரம் சிக்கிக்கொண்டதோ என்று நினைத்தான்.

டக்.

எங்கோ உள்ளே ஒரு பொத்தான் அழுந்தும் சத்தம்.

"யாருபா அது?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. பழைய ஏற்பாட்டில் எந்த அறையில் அழுத்தினாலும் அந்த அறை மட்டும் எரியும். ஆள் எங்கே என்று தெரிந்துவிடும். இப்போது எல்லாமே எரிகிறது. எங்கிருந்து என்று தெரியவில்லை. தெரியாதபடி செய்தவன் அவனேதான்.

மெல்லிய நாற்றம் ஒன்று வந்தது. முடி பொசுங்கும் நாற்றம். பட்டு கருகினால் அப்படித்தான் நாறும்.

கதவை உடம்பால் மோதினான். "பரமசிவம் அண்ணே! அண்ணே!" தெருவெல்லாம் நாதஸ்வரமும் தவிலும் கோவிந்தா முழக்கமும். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால் பட்டு பற்றிக்கொள்ளும். வெளியே போக வழி கிடையாது.

திருப்புளியை எடுத்தான். முதல் அறைப் பொத்தானின் மூடியைக் கழற்றி ஒயரைப் பிடுங்கினான். இனி இது வேலை செய்யாது. காத்திருந்தான். ஒரு நிமிடம். ஒன்றரை.

டக்.

நடு அறைக்கு ஓடினான். ஆள் இல்லை. அடுக்குகள் மட்டும். அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில்கழுத்து. அங்கேயும் ஒயரைப் பிடுங்கினான். வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது.

மிச்சம் ஒன்று.

டக்.

கடைசி அறையிலிருந்து. சந்தேகமே இல்லை.

வாசலில் நின்று எட்டிப் பார்த்தான். நாலு சுவர். அடுக்குகள். சுவரில் இடுப்புயரத்தில் கறுப்புப் பொத்தான். அதன் எதிரே வெறும் தரை. மேலே, கைக்கெட்டாத உயரத்தில், உச்சிக் கட்டிலிருந்து நூல்போல ஒரு புகை.

உள்ளே போனான். திருப்புளி கையிலிருந்து நழுவி அடுக்கின் அடியில் உருண்டது. குனிந்து அந்த இருட்டில் கைவிட முடியவில்லை.

உள்ளங்கையால் பொத்தானை மூடினான். அழுத்தவில்லை. மூடினான், அவ்வளவுதான். முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். யார் அழுத்த வந்தாலும் அவன் கையைத் தாண்டித்தான் வரவேண்டும்.

மறு கையில் கடிகாரம். ஒரு நிமிடம்.

இரண்டு.

யாரும் வரவில்லை.

இரண்டரை. புகை தடித்தது.

இன்னும் பத்து விநாடி. அணைந்துவிடும். ஐந்து.

உள்ளங்கைக்கும் பொத்தானுக்கும் நடுவில் ஒரு விரல் நுழைந்தது.

சில்லென்ற விரல். அவசரமில்லாமல் தடவியது. இருட்டில் சுவிட்சைத் தேடுகிறவனைப் போல. கண்டுபிடித்தது.

டக்.

அலறிக்கொண்டு கையை எடுத்தான். அங்கே யாருமில்லை. ஆனால் பொத்தான் வெளியே வரவில்லை. உள்ளே அழுந்தியபடியே இருந்தது. அழுந்தியபடியே.

மேலே பட்டுக் கட்டின் ஓரம் சிவந்தது.